263 மீட்டரை எங்கே வைப்பது?

யமாதோ போர்க்கப்பலின் நீளம் 263 மீட்டர். மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு இது மனப்பாடமான எண். எப்போதும் இதை எதையாவது கொண்டு வகுத்துக்கொண்டே இருப்போம். 700ஆல் வகுத்தால் 37.6 சென்டிமீட்டர். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். 350ஆல் வகுத்தால் 75 செ.மீ. இப்போது அலமாரி போதாது, டிவி மேசையைக் காலி செய்ய வேண்டும். 200ஆல் வகுத்தால் 131.5 செ.மீ. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையைத் தரையில் படுக்கவைத்தால் என்ன நீளமோ அந்த நீளம்.

பிளாஸ்டிக் கப்பல் கிட்களில் இன்று அதிகம் புழங்கும் அளவுகள் இந்த மூன்றுதான்: 1/700, 1/350, 1/200. பார்க்கச் சாதுவான எண்கள். ஆனால் நீளம் இரண்டு மடங்கானால் தட்டில் பிடிக்கும் பரப்பு நாலு மடங்கு. பீரோவில் அடைத்துக்கொள்ளும் கன அளவு எட்டு மடங்கு. 1/700இலிருந்து 1/200க்குத் தாவினால் கிட்டத்தட்ட 43 மடங்கு. நான் இருப்பது 650 சதுர அடி வாடகை வீடு. இந்த வாய்ப்பாடு எனக்கு வெறும் கணக்கு இல்லை.

"சின்னதாவே வாங்கிக்க வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் சமையலறை டப்பாக்களில் இருக்கிறது. 170 செ.மீ. உயரமுள்ள மாலுமி ஒருவன் 1/700இல் 2.4 மில்லிமீட்டர். எள்ளைவிடச் சற்றுச் சிறியவன். 1/350இல் கிட்டத்தட்ட 5 மி.மீ., அதாவது சீரகம். 1/200இல் 8.5 மி.மீ., நல்ல பாஸ்மதி அரிசி. எள்ளுக்குக் கை கால் கிடையாது. சீரகத்துக்கு நிற்கிற தோரணை ஒன்று வந்துவிடுகிறது. பாஸ்மதிக்குத் தொப்பியே போடலாம். பெரிய மாதிரிகளை விரும்புகிற எல்லோரும் இரும்பின் பிரம்மாண்டத்துக்காக விரும்புவதில்லை. ஏணி ஏணியாகத் தெரிய வேண்டும், இப்போது ஒருத்தன் அதில் ஏறிவருவான் என்று தோன்ற வேண்டும். அளவு கூடக் கூடக் கப்பலுக்குள் மனிதன் வருகிறான். என்ன, அதே வேகத்தில் வீட்டிலிருந்து மனிதர்கள் வெளியேற வேண்டியிருக்கும்.

இது இடநெருக்கடியில் மாட்டிக்கொண்ட ஒருவரின் சொந்தப் பிரச்சினை போலத் தோன்றும். மாதிரிக் கப்பல்களின் வரலாற்றைப் புரட்டினால் வேறு மாதிரி தெரிகிறது. எந்த அளவில் செய்வது என்பதைக் கப்பல் முடிவு செய்தது அபூர்வம். அதை வைக்கப்போகிற அறை, அடைக்கப்போகிற பெட்டி, விற்கப்போகிற கடை, உள்ளே போடப்போகிற பேட்டரி, இவைதான் முடிவு செய்திருக்கின்றன.

*

முதலில் இடம் ஒரு பொருட்டே இல்லாதவர்களைப் பார்த்துவிடுவோம். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்கு மர மாதிரிகள் செய்யும் வழக்கம் இருந்தது. கடற்படை வாரிய மாதிரிகள் என்று இன்று அவற்றைச் சொல்கிறார்கள். பொதுவாக 1/48 அளவு. நிஜக் கப்பலின் ஓர் அடிக்கு மாதிரியில் கால் அங்குலம். தச்சனின் அளவுகோலில் அப்படியே பிடித்துப் பார்க்க வசதியான விகிதம். ஆனால் அந்த அளவில் பெரிய போர்க்கப்பல் ஒன்று ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். பாய்மரம் கட்டினால் உயரமும் அதற்கு ஈடாகப் போகும்.

இவற்றை யார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்? நாட்குறிப்புக்காக உலகம் அறிந்த சாமுவேல் பீப்ஸ் கடற்படை வாரியத்தில் அதிகாரி. கப்பல் கட்டுநர் ஆன்டனி டீன் தனக்கு ஒரு மாதிரி தருவதாகச் சொன்னதை 1662இல் ஆசையோடு எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் அதே பதவிக்கு வந்த சார்ல்ஸ் செர்ஜிசன் பெரிய சேகரிப்பே வைத்திருந்தார். சசெக்ஸில் இருந்த அவருடைய மாளிகையில் அந்தக் கப்பல்கள் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தன. 1920களில் அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஹடில்ஸ்டன் ரோஜர்ஸ் அவற்றை வாங்கினார். 1935இல் அவர் இறந்தபோது அவருடைய உயிலின்படி எல்லாம் அனாபொலிஸில் உள்ள கடற்படைக் கல்லூரிக்குப் போயின. மாளிகையிலிருந்து மாளிகைக்கு, அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு. வழியில் ஒரு தடவைகூட "இதை எங்கே வைக்கிறது?" என்ற கேள்வி எழவில்லை.

அதே இங்கிலாந்தில் அந்தக் கேள்வியைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்களும் கப்பல் செய்தார்கள். பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797 முதல் 1814 வரை பிரெஞ்சுப் போர்க்கைதிகளுக்கு ஒரு பெரிய முகாம் இருந்தது. ஆயிரக்கணக்கான கைதிகள், வரிசையாக மரக் கொட்டடிகள், தொங்குபடுக்கைகள். ரேஷனில் வந்த இறைச்சியின் எலும்பைக் காயவைத்து, சீவி, இழைத்து அவர்கள் போர்க்கப்பல் செய்தார்கள். முகாம் வாசலில் இருந்த சந்தையில் விற்றார்கள். அந்தக் கப்பல்களில் கறாரான விகிதம் கிடையாது. வரைபடம் கையில் இல்லை. நினைவிலிருந்துதான் செய்ய வேண்டும். ஆட்டெலும்பு எவ்வளவு நீளப் பலகை தருமோ அவ்வளவுதான் பலகை. பாய்மரம் பல சமயம் உடலுக்குப் பொருந்தாத உயரத்தில் நிற்கும், பீரங்கிகள் சற்றுப் பெரிதாக இருக்கும். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இவை பெரும் தொகுப்பாக இருக்கின்றன. செர்ஜிசனின் கப்பல்கள் துல்லியமானவை. இவை துல்லியமற்றவை. ஆனால் எந்த அளவு இடத்தில், எந்த அளவு பொருளில் இவை செய்யப்பட்டன என்பதைத் தம் உடம்பிலேயே எழுதிவைத்திருப்பவை இவைதான்.

இருபதாம் நூற்றாண்டில் கப்பல்கள் தரைக்கு இறங்கின. கடற்போர் விளையாட்டுக்காக. நியூயார்க்கில் எழுத்தாளர் ஃப்ளெட்சர் ப்ராட் 1930களில் உருவாக்கிய விளையாட்டில் 1/600 அளவு மரக் கப்பல்களைத் தரையில் பரப்பி, முழங்காலில் தவழ்ந்து, பீரங்கித் தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டு ஆட வேண்டும். அவருடைய அடுக்குமாடி வீட்டில் தொடங்கியது. ஆட்கள் கூடக் கூடக் கடல் போதவில்லை. வெளியே ஒரு கூடத்துக்கு மாற வேண்டியதாயிற்று. பிரிட்டனில் பாஸெட் லோக் நிறுவனமும் ஜெர்மனியில் விக்கிங் நிறுவனமும் இன்னும் சின்னதாகப் போயின: 1/1200, 1/1250. நூறு அடி ஓர் அங்குலமானால் 1/1200. இரண்டாம் உலகப் போரில் தூரத்தில் தெரியும் கப்பல் எதிரியுடையதா நம்முடையதா என்று அடையாளம் காணப் பழக்க இந்த அளவு மாதிரிகளைப் படைகள் பயன்படுத்தின. உள்ளங்கையில் ஏந்தி, கண்ணுக்கு எதிரே நீட்டினால், பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கப்பல்.

*

பிளாஸ்டிக் வந்ததும் மாளிகையும் கொட்டடியும் போய், கடை வந்தது. 1952இல் பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் கோல்டன் ஹைண்ட் என்ற சின்னப் பாய்மரக் கப்பல் கிட்டை வெளியிட்டது. வுல்வொர்த்ஸ் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்க வேண்டும். பெட்டி போட்டால் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு காகித அட்டையைக் குத்தித் தொங்கவிட்டார்கள். கடை சொன்ன விலைதான் பையைத் தீர்மானித்தது.

அமெரிக்காவில் ரெவெல் நிறுவனம் 1953இல் மிசௌரி போர்க்கப்பலைக் கொண்டுவந்தது. அளவு 1/535. இதென்ன எண் என்று தோன்றும். 535க்கு எந்த அர்த்தமும் கிடையாது. நிறுவனத்திடம் பெட்டிகளுக்குச் சில நிலையான அளவுகள் இருக்கும். கப்பலை அந்தப் பெட்டிக்குள் போகிற அளவுக்குச் சுருக்குவார்கள். பெட்டி அளவு என்றே அதற்குப் பெயர். ஜப்பானில் நிச்சிமோ நிறுவனத்தின் வரிசை ஒன்றில் எல்லாக் கப்பல்களும் 30 செ.மீ. நீளம். உள்ளே மோட்டார் போட்டுத் தொட்டித் தண்ணீரில் ஓடவிடலாம். பையன்களுக்குக் கொண்டாட்டம். சேகரிப்பவனுக்குச் சங்கடம். 260 மீட்டர் யமாதோவும் அதில் பாதிகூட இல்லாத ஒரு டெஸ்ட்ராயரும் ஒரே நீளத்தில் நின்றால் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது? பெட்டி அளவு காலத்தில் ஒருவர் பத்துக் கப்பல் வாங்கலாம். கடற்படை ஒன்று வாங்க முடியாது.

இந்த இடத்தில் ஷிசுவோகா நகரத்துக்குப் போக வேண்டும். மர வேலைக்குப் பேர்போன ஊர். 1946இல் அங்கே ஒரு மர வியாபாரமாகத் தொடங்கியதுதான் தாமியா நிறுவனம். பிறகு மர மாதிரிகள் செய்தார்கள். 1951இல் ஒரு தீ விபத்தில் மரக் கிடங்கு எரிந்துபோயிற்று. கொஞ்ச நாளில் மாதிரிகள் மட்டும்தான் தொழில் என்றாயிற்று. அமெரிக்க பிளாஸ்டிக் கிட்கள் ஜப்பானுக்குள் வந்து மர மாதிரிகளின் சந்தையைத் தின்ன ஆரம்பித்தபோது தாமியாவும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1960இல் வந்த அவர்களுடைய முதல் பிளாஸ்டிக் கிட், 1/800 அளவில் யமாதோ. அதே சமயத்தில் நிச்சிமோ தன்னுடைய யமாதோவை 350 யென்னுக்கு விற்றது. தாமியாவும் அந்த விலைக்கு இறங்கி நஷ்டப்பட்டது. யமாதோ இரண்டாவது முறையும் மூழ்கியது.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு டாங்கி. 1960களின் தொடக்கத்தில் வந்த மோட்டார் பொருத்திய பேந்தர். அது நன்றாக ஓடியது, நன்றாக விற்றது. அடுத்தடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்யலாம் என்று அளந்து பார்த்தால், கிட்டத்தட்ட 1/35. ஏன் 1/35? உள்ளே இரண்டு பேட்டரி உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்று உலகம் முழுக்க டாங்கி மாதிரிகளின் முதன்மை அளவு அதுதான். பேட்டரி எப்போதோ போய்விட்டது. அதற்கு விட்ட இடம் ஒரு அளவாக நிலைத்துவிட்டது.

*

1971 மே மாதத்தில் ஷிசுவோகாவின் நான்கு நிறுவனங்கள், தாமியா, அவோஷிமா, ஹசெகாவா, ஃபுஜிமி, சேர்ந்து ஒரு வரிசையை வெளியிட ஆரம்பித்தன. பெயர் வாட்டர்லைன் வரிசை. ஒரே விகிதம், 1/700. இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியக் கடற்படையின் கப்பல்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். யமாதோவும் முசாஷியும் தாமியாவுக்கு. அகாகி விமானந்தாங்கி ஹசெகாவாவுக்கு. ஒருவர் செய்ததை மற்றவர் செய்ய மாட்டார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரே கப்பலுக்காக விலைக்குறைப்புச் சண்டை நடந்த துறையில் இது ஒரு சமாதான உடன்படிக்கை. பீரங்கி, படகு, விமானம் போன்ற சின்னப் பாகங்களுக்கான அச்சையும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள்.

பெயரில் இருக்கிற 'நீர்க்கோடு' முக்கியம். கப்பலின் உடலைத் தண்ணீர்மட்டத்தோடு வெட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே இருக்கும் அடிப்பகுதி, சுக்கான், உந்துவிசிறி எதுவும் கிட்டில் இல்லை. தட்டையான அடித்தகடு, கனத்துக்கு ஓர் இரும்புத்துண்டு. தாங்கி வேண்டாம். மேசைமேல் வைத்தால் மேசை கடலாகிவிடும். அட்டைப் பெட்டியும் ஒல்லியானது. எல்லாம் ஒரே விகிதம் என்பதால் ஒரு கப்பல் வாங்கியவன் அடுத்ததை வாங்குவான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எவ்வளவு பெரியது என்று கண்ணுக்கே தெரியும். முதல்முறையாக ஒரு சாதாரண வீட்டுக்குள் கடற்படை ஒன்று நுழைய முடிந்தது.

அந்தச் சாதாரண வீடு எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1955இல் ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் தொடங்கப்பட்டு, நகரங்களைச் சுற்றி 'தஞ்சி' எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. இரண்டு அறை, சாப்பாட்டு இடத்தோடு ஒரு சமையலறை. மொத்தம் சுமார் 40 சதுர மீட்டர், நம் கணக்கில் 430 சதுர அடி. பகலில் உட்காரும் அறையே இரவில் மெத்தை விரித்தால் படுக்கையறை. 1979இல் ஐரோப்பியச் சமூகத்தின் அறிக்கை ஒன்று ஜப்பானிய வீடுகளை முயல் கூண்டு என்று வர்ணித்து, அது ஜப்பானில் பெரிய பேச்சாயிற்று. அந்தக் கூண்டில் 75 செ.மீ. கப்பல் நிரந்தரமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. 37 செ.மீ. முடியும். 17 செ.மீ. டெஸ்ட்ராயர் எங்கே வேண்டுமானாலும் ஒண்டிக்கொள்ளும்.

நான் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கு இது. 1945 ஏப்ரலில் யமாதோ தன் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பியபோது கூட வந்தவை யஹாகி என்ற க்ரூஸரும் எட்டு டெஸ்ட்ராயர்களும். 1/700இல் யமாதோ 37.6 செ.மீ., யஹாகி 25 செ.மீ., டெஸ்ட்ராயர்கள் ஒவ்வொன்றும் 15 முதல் 19 செ.மீ. மூன்று வரிசையாக அணிவகுத்தால் பத்துக் கப்பலும் ஒரு புத்தகத்தட்டில் நின்றுவிடும். ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க விமானங்களின் தாக்குதலில் யமாதோ, யஹாகி, நாலு டெஸ்ட்ராயர்கள் மூழ்கின. யமாதோவில் மட்டும் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் உயிர்தப்பியவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. ஒரு பேரழிவு முழுசாக ஒரு தட்டில் அடங்குகிறது. 1/200இல் அந்தத் தட்டில் யமாதோவின் மூக்குப் பகுதிதான் நிற்கும்.

ஆனால் ஓர் உடன்படிக்கையில் எதையாவது விட்டுக்கொடுத்துத்தானே ஆக வேண்டும். யமாதோவை வீழ்த்தியதில் பெரும்பங்கு டார்பிடோக்களுக்கு. பெரும்பாலும் இடப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே. எஞ்சின் அறைகள், கொதிகலன்கள், அங்கே வேலை செய்து மேலே வர முடியாமல் போனவர்கள், எல்லாரும் இருந்தது அந்தக் கோட்டுக்குக் கீழேதான். இடத்தை மிச்சப்படுத்த வெட்டப்பட்டது அந்தப் பாதி. 1971இல் இந்தக் கிட்களை ஒட்டிய பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அந்தக் கடற்படையில் அப்பாவோ மாமாவோ இருந்திருப்பார்கள். மேசைமேல் கப்பல் கம்பீரமாக நிற்கும். மூழ்கின பக்கம் பெட்டியிலேயே வரவில்லை.

*

உடன்படிக்கை ரொம்ப நாள் தாங்கியது. 1992இல் ஃபுஜிமி விலகிப் போனது; அது விட்டுச்சென்ற கப்பல்களை மற்ற மூவரும் புதிதாகச் செய்து இடத்தை நிரப்பினார்கள். அதற்கு முன்பே பெரிய அளவின் ஆசை திரும்பிவிட்டது. 1978இல் தாமியா 1/350 யமாதோவை வெளியிட்டது. அடிப்பாகத்தோடு, முழு உடலோடு. இந்த நூற்றாண்டில் சீன நிறுவனமான ட்ரம்பெட்டர் 1/200இல் பிஸ்மார்க், மிசௌரி என்று வரிசையாகக் கொண்டுவந்தது. பிஸ்மார்க் 125 செ.மீ., மிசௌரி 135 செ.மீ. யமாதோ கட்டப்பட்ட குரே நகரத்தில் 2005இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்; நடுக்கூடத்தில் 1/10 அளவு யமாதோ, 26.3 மீட்டர். அங்கே மாலுமி 17 செ.மீ. உயரம். ஒரு மாதிரியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இதைவிட முழுமையான பதில் இருக்க முடியாது: அதைச் சுற்றிக் கட்டடம் கட்டிவிடுவது.

நமக்கு அந்த வசதி இல்லை. பெரிய கிட்களின் சங்கடம் ஒட்டி முடித்த பிறகு வருவதல்ல. வாங்கின அன்றே வந்துவிடும். உடல் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருந்தால் பெட்டி அதைவிட நீளமாக இருந்தே ஆக வேண்டும். விமானத்தில் கூரியர் வரும்போது நிஜ எடையைவிடக் கன அளவு எடை கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கமான சூத்திரம். பெட்டி 145 × 35 × 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 20 கிலோவுக்கு மேல் கணக்காகும். பாதிக்கு மேல் அது காற்று. கடல் தாண்டிக் காற்றை வரவழைத்து, சுங்கமும் கட்டி, பரணில் ஏற்றுகிறோம்.

பரணில் ஏறியது இறங்குவதும் அரிது. கிட்கள் எப்போதும் கடையில் கிடைப்பதில்லை. ஒரு தடவை அச்சிட்டுத் தீர்ந்தால் அடுத்த தடவை எப்போது என்று சொல்ல முடியாது. ஆகவே கிடைக்கும்போது வாங்கிவைக்கிறோம், செய்வதைவிட வேகமாக. வாங்கிப் படிக்காமல் அடுக்கிவைக்கும் புத்தகங்களுக்கு ஜப்பானியர்கள் சொல்லும் 'த்சுந்தோகு' இப்போது நம்மவர்களுக்கும் தெரிந்த சொல். ஒட்டாமல் அடுக்கிவைக்கும் கிட்களுக்கும் அதே வேரிலிருந்து ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'த்சுமிபுரா'. சென்னை மாதிரி ஊரில் அடுக்குக்கு ஆயுசும் உண்டு. பிளாஸ்டிக் தாங்கும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் மஞ்சளாகும், அட்டையில் பூஞ்சை வரும், வெள்ளிப்பூச்சி வரும். வாடகை வீடு மாறும்போது வேன்காரர் கேட்பார்: "சார், உள்ள என்ன? கனமே இல்லையே?"

இந்த இடத்தில் எல்லோரும் சொல்கிற யோசனை ஒன்று உண்டு. பெட்டியைத் தூக்கிப் போடு. பாகங்களை ஜிப் பையில் போட்டு அடுக்கினால் பத்துக் கிட் இடத்தில் முப்பது கிட் வைக்கலாம். கணக்குப்படி சரி. 1/700 வாட்டர்லைன் பெட்டிகள் முன்னால் அந்தக் கணக்கு எனக்கு நின்றுவிடுகிறது. காரணம், அந்தப் பெட்டிகளின் மேல்மூடியில் படம் வரைந்த மனிதர்.

உவேதா கிஹச்சிரோ 1920இல் ஷிசுவோகா மாகாணத்தில் பிறந்தவர். போரில் ராணுவத்தின் சரக்குக் கப்பல்களில் விமான எதிர்ப்புப் பீரங்கியாளராக இருந்தார். அந்தக் கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கின. ஒரு முறையல்ல, பல முறை கடலில் தத்தளித்து உயிர்தப்பினார். காயத்தில் வலது கை பயனற்றுப் போனது. போருக்குப் பிறகு இடது கையால் வரையப் பழகினார். வாட்டர்லைன் பெட்டிகளில் நாம் பார்க்கிற ஏராளமான கப்பல்கள் அந்த இடது கை வரைந்தவை. 2016இல் காலமானார். அந்தப் படங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கப்பலுக்கு இணையாகத் தண்ணீர் வரையப்பட்டிருக்கும். அலையின் கனம், அதன் நிறம், உடலில் மோதி வெள்ளையாக உடைகிற இடம். கிட்டுக்குள் தண்ணீருக்குக் கீழே எதுவும் இல்லை. மூடியில், அந்தத் தண்ணீருக்குள் விழுந்து எழுந்தவர் வரைந்த தண்ணீர் இருக்கிறது. வெட்டப்பட்ட பாதியின் நினைவு பெட்டிக்குள் இல்லாமல் பெட்டிமேல் இருக்கிறது.

அதனால் நான் செய்வது நடுவழி. அடிப்பெட்டி போகும். மேல்மூடியை மூலைகளில் பிரித்துத் தட்டையாக்கி, கட்டில் மெத்தைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். நாற்பது மூடி சேர்ந்தாலும் கையகல உயரம் வராது. படம் தப்பிவிடுகிறது, காற்று போய்விடுகிறது.

*

இடம் இல்லாமல் சேகரிப்பது எப்படி என்று நமக்கு யாரும் ஜப்பானிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கொலு வைக்கிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். நூறு பொம்மை, நூற்றைம்பது பொம்மை. வருஷத்தில் முக்கால்வாசிக்கு மேல் அவை பழைய வேட்டித்துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். நவராத்திரி வந்தால் வெளியே வரும். வேடிக்கை என்னவென்றால், பொம்மைகளை வைத்திருந்த டிரங்குப் பெட்டிகளையே அடுக்கி, பலகை போட்டு, வேட்டி விரித்துப் படியாக்குவார்கள். சேமிக்கிற இடமே காட்டுகிற இடமாகிவிடும். எல்லாவற்றையும் எப்போதும் கண்முன் வைத்திருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் ஆசை. வீட்டுக்கு அந்த ஆசை தேவையில்லை. ஒட்டி முடித்த கப்பல்களில் மூன்று மட்டும் வெளியே, மற்றவை தூசி புகாத டப்பாவில், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்று. மறுபடி வெளியே வருகிற கப்பலை நாம் மறுபடி பார்க்கிறோம். எப்போதும் அலமாரியில் நிற்பதைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வழி, விகிதத்தைக் கைவிடாமல் கப்பலைச் சின்னதாகத் தேர்ந்தெடுப்பது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு கப்பல் கைவசம் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு, எதிர்த்தாக்குதல் வலுக்கும் முன் இருட்டில் மறைந்தது. ஊரே பயந்து கிளம்பியது. "அவன் சரியான எம்டன்" என்று தமிழில் ஒரு சொல்லே தங்கிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டால் ஏதோ மிதக்கும் மலை என்று தோன்றும். அதன் நீளம் 118 மீட்டர்தான். யமாதோவின் பாதிக்கும் குறைவு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுக் கரைதட்டி அழிந்தது.

ரெவெல் நிறுவனம் 1/350 அளவில் எம்டன் கிட் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. 118ஐ 350ஆல் வகுத்தால் 34 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 1/700 யமாதோ கேட்கிற தட்டைவிடக் குறைவான இடத்தில் நிற்கும். ஆனால் இங்கே மாலுமி எள் அல்ல, சீரகம். மூன்று புகைபோக்கிகளுக்கு நடுவே ஏணி தெரியும், பீரங்கிக்குப் பின்னால் ஒருவன் நிற்க இடம் தெரியும். உடலும் வெட்டப்படாமல், அடிவரை முழுசாக வரும். ஒரு ஊரின் பேச்சில் அவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்ட கப்பல் நிஜத்தில் எவ்வளவு சின்னது என்பதையும் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

பெரிய கப்பலை வாங்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 1/200 பிஸ்மார்க்கைக் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. வாங்கும் முன் டேப்பை எடுத்து அலமாரியை அளப்போம். அது எல்லோரும் செய்வது. கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம். இந்த அளவுக்குச் சுருக்கும்போது எது வெளியே போகிறது? எலும்புக் கப்பலில் துல்லியம் போயிற்று, பெட்டி அளவில் ஒப்பீடு போயிற்று, நீர்க்கோட்டில் அடிப்பாகம் போயிற்று, பரணில் ஒட்டுகிற சுகமே போய்க்கொண்டிருக்கிறது. எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்து வைத்த கப்பல், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வீட்டில் சரியான இடத்தில் நிற்கும். என் அலமாரியின் மூன்றாவது தட்டில் இப்போது 36 செ.மீ. காலியாக இருக்கிறது. எம்டனுக்குப் போதும்.